பதினான்காவது அட்டை

நவம்பர் 4, திங்கள்

இன்று எங்கள் ஆங்கில-தமிழ் அகராதியின் ஆசிரியர் ஹெலன் மேடம் என் மேசையில் ‘பிக் அப்’ என்ற சொல்லைக் கொண்டுவந்து வைத்தார். பதினான்கு அர்த்தங்கள், பதினான்கு அட்டைகள். மார்கழி பிறப்பதற்குள் ‘பி’ எழுத்து அச்சுக்குப் போக வேண்டுமாம்.

பிக் என்றால் பொறுக்கு. அப் என்றால் மேலே. இதில் என்ன சிரமம் என்றுதான் யாருக்கும் தோன்றும். வெள்ளைக்காரன் இரண்டு சின்னச் சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துப் பதினான்கு பேர் வேலையை வாங்கிவிடுகிறான். கூலி வாங்குவது நான்.

ஒவ்வொரு அட்டையிலும் மேலே அர்த்தம், நடுவில் ஒத்த சொற்கள், கீழே ஓர் உதாரண வாக்கியம். எழுதுவது நீல மையில், திருத்துவது சிவப்பு மையில். எழுதி முடித்த அட்டைகள் இடதுபக்கத் தட்டில் வரும். நான் திருத்தி, மூலையில் ‘பார்த்தது, நா.லி.’ என்று போட்டு வலதுபக்கத் தட்டில் வைப்பேன். இருபத்தாறு வருடமாக இதே மேசை. வீட்டிலும் இதேபோல் ஒரு மேசை, இரண்டு தட்டுகள்.

என் மனைவி உலகம்மாள் ஊரில் இல்லை. தென்காசியில் அவள் அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது, பார்த்துக்கொள்ள ஜூலையில் போனாள். வேறு விஷயம் ஒன்றும் இல்லை.

நவம்பர் 5, செவ்வாய்

முதல் அட்டை: கீழே கிடப்பதை எடுத்தல். உதாரணம்: ‘அவன் கீழே விழுந்த சாவியை எடுத்தான்.’

ரசம் வைத்தேன். மிஞ்சிவிட்டது.

நவம்பர் 7, வியாழன்

மூன்றாவது அட்டை: தொலைபேசி அழைப்பை ஏற்றல். அட்டை எழுதும் சாக்கில் தென்காசிக்குப் போன் செய்தேன். மணி முழுதாக அடித்து ஓய்ந்தது. மத்தியான வேளை, அம்மாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பாள். காலையில் அடித்தபோதும் குளிப்பாட்டிக்கொண்டிருப்பாள் என்றுதான் நினைத்தேன். போன வாரமும் அப்படித்தான். மிகவும் சுத்தமான மாமியார்.

உதாரணம்: ‘அவள் தொலைபேசியை எடுக்கவில்லை.’ எதிர்மறை வாக்கியத்தை உதாரணமாகக் கொடுக்கக்கூடாது என்பது எங்கள் விதி. அட்டையைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன்.

நவம்பர் 12, செவ்வாய்

ஹெலன் மேடம் கூப்பிட்டார். கையில் என் அட்டைகள்.

“நாகலிங்கம் சார், உடம்பு ஏதும் சரியில்லையா?”

“நல்லாத்தானே இருக்கேன் மேடம்.”

“அப்ப இது யாரு எழுதுனது? சாவிய எடுத்தான், பெட்டிய எடுத்தான், போன எடுத்தான். உப்பும் இல்ல, உறைப்பும் இல்ல. ‘ஓ’ வரைக்கும் உங்க உதாரணத்த படிக்கிறப்ப எனக்கு வேலை மாதிரியே இருக்காது சார். அந்த இரவல் ஒண்ணு எழுதுனீங்களே!”

‘பாரோ’, இரவல் வாங்குதல் என்பதற்கு நான் கொடுத்த உதாரணம் அவருக்கு மனப்பாடம்: ‘அவள் இரவல் வாங்கிப்போன துடைப்பம் திரும்பி வரும்போது ஈர்க்குச்சியாக வந்தது.’

தலைவலி என்று சொல்லி நழுவினேன். இந்த நோட்டில் சொல்லலாம், இதை யாரும் படிக்கப்போவதில்லை. அந்தத் துடைப்பம் என்னுடையது அல்ல. சாப்பிட உட்காரும்போது நான் அன்றைய சொல்லைச் சொல்வேன். உலகு சோற்றைப் போட்டுக்கொண்டே யாரையாவது திட்டுகிற மாதிரி ஒரு வாக்கியம் சொல்வாள். நான் கைகழுவிவிட்டு வந்து, அவள் தென்காசித் தமிழை எழுத்துத் தமிழாக்கி அட்டையில் ஏற்றுவேன். ‘ஏ’யில் தொடங்கி ‘ஓ’வரை அப்படித்தான். அலுவலகத்தில் இது யாருக்கும் தெரியாது.

முதல் தொகுதி வந்தபோது முன்னுரையில் எல்லோருக்கும் நன்றி சொல்லியிருந்தோம். டீ வாங்கிக்கொடுத்தவருக்குக்கூட. உலகு அந்த முன்னுரையை இரண்டு தடவை படித்தாள். அவள் வேகமாகப் படிக்கிறவள். ஏன் இரண்டு தடவை என்று நான் கேட்கவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

துணி துவைத்தேன். வெள்ளை வேட்டிகள் இளஞ்சிவப்பாக வந்தன. சிவப்புப் பேனா சட்டைப்பையில் இருந்திருக்கிறது.

மொட்டைமாடித் தொட்டியில் அவள் வளர்த்த கறிவேப்பிலைச் செடியின் இலைகள் மஞ்சளாகின்றன. தினம் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுகிறேன், இன்னும் என்ன வேண்டும் அதற்கு?

நான்காவது அட்டை: யாரும் கற்பிக்காமல் தானாகக் கற்றுக்கொள்ளுதல். இதற்கு உதாரணம் எழுத நான் சிரமப்பட வேண்டியதே இல்லை. உலகு பத்தாவதோடு நின்றவள். கழித்துக்கட்டிய அட்டைகளை நான் வீட்டுக்குக் கொண்டுவருவேன். அவற்றின் பின்பக்கத்தில் துவரம்பருப்பு, சீயக்காய் என்று மளிகைச் சாமான் எழுதுவாள். கடைக்குப் போகும் வழியில் முன்பக்கத்தைப் படித்துவிடுவாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, நேரம் நிறைய இருந்தது. அப்படியே ஆங்கிலம் வந்துவிட்டது அவளுக்கு. ஒருநாள் பாங்கிலிருந்து வந்த ஆங்கிலக் கடிதத்தைப் படித்து எனக்கே விளக்கினாள். அவள் உச்சரிப்பைத் திருத்தினேன் என்பதுதான் எனக்கு நினைவிருக்கிறது.

உதாரணம் இன்னும் எழுதவில்லை.

நவம்பர் 22, வெள்ளி

இரண்டாவது அட்டையை இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். ஒருவரை நிலையத்துக்குப் போய் அழைத்து வருதல். ஒத்த சொற்கள்: கூட்டிவருதல், ஏற்றிவருதல். நன்றாகத்தான் இருக்கிறது.

எட்டு வருடத்துக்கு முன்னால் அவள் ஊரிலிருந்து திரும்பிய ஒரு ஐப்பசி மழை நாள். நான் ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். அப்போது ‘டி’ எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. மறந்துவிட்டேன். ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு, இரண்டு பைகளோடு நனைந்து தானே வந்து சேர்ந்தாள். தலையைத் துவட்டிக்கொண்டு, இன்று என்ன சொல் என்று கேட்டாள். ‘டிலே’, தாமதம் என்றேன்.

“வாரேன்னு சொன்னவுக வாரதுக்குள்ள மழையே நின்னுட்டு” என்றாள்.

நான் எழுதினேன்: ‘வருவதாகச் சொன்னவர் வருவதற்குள் மழையே நின்றுவிட்டது.’ முதல் தொகுதியில் இருக்கிறது. ஹெலன் மேடம் அதைப் பக்கத்து அறைக்கெல்லாம் எடுத்துப்போய்ப் படித்துக் காட்டினார். நல்ல உதாரணம் என்று எனக்கும் ரொம்பப் பெருமை. நல்ல உதாரணம் என்று மட்டும்தான் அன்று நினைத்தேன்.

நவம்பர் 28, வியாழன்

ஆறாவது அட்டை: நோயிலிருந்து தேறுதல். இன்று போன் எடுக்கப்பட்டது. எடுத்தது மாமியார்.

“ஆரு?”

“நான் நாகலிங்கம், அத்தை. மதுரையிலேருந்து.”

“மாப்பிள்ளையா! சொகமா இருக்கியளா? நேரத்துக்குச் சாப்பிடுதியளா?”

“சாப்பிடுறேன். உங்களுக்கு இடுப்பு எப்படி இருக்கு?”

“எனக்கென்ன, நான் நல்லா நடக்கேன்லா! கம்பு கூடக் கெடையாது. தெனமும் கோயிலச் சுத்தி வாரேன். புரட்டாசியிலேயே டாக்டர் நடக்கச் சொல்லிட்டாவ.”

புரட்டாசி முடிந்து ஐப்பசியும் போய்விட்டது. கார்த்திகையில் பாதி ஆகப்போகிறது.

“உலகு இருக்காளா அத்தை?”

பின்னால் கிரைண்டர் ஓடுகிற சத்தம் கேட்டது. அந்தக் கிரைண்டரைப் போட்டது யார் என்று எனக்குத் தெரியும்.

“இருக்கா. மாவாட்டுதா. கூப்பிட்டா வரமாட்டா மாப்பிள்ளை, எதுக்கு ஒங்கட்டப் பொய் சொல்லணும்?” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அது என்ன அட்டை? பொட்டிக்குள்ள வச்சிருக்கா. செவப்பா கோடு கோடா, பரீட்சைப் பேப்பர் மாரி இருக்கு. அத எடுத்துப் பாக்கா, பொறவு அடுக்கி வச்சிடுதா. கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கா.”

போனை வைத்தேன். ஆறாவது அட்டைக்கு உதாரணம்: ‘மாமியார் நன்றாகத் தேறிவிட்டார்.’ அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் அம்மாவுக்காகத்தான் போயிருக்கிறாள் என்று ஊருக்குச் சொன்னேன், இந்த நோட்டுக்கும் சொன்னேன். இனிமேல் அதைச் சொல்ல முடியாது.

நவம்பர் 29, வெள்ளி

எழுதிவிடுகிறேன்.

ஜூலை மாதம், அவள் ஊருக்குப் போன நாளின் காலை. வீட்டு மேசையில் இடதுபக்கத் தட்டில் அட்டைகள் இருந்தன. எடுத்துத் திருத்த ஆரம்பித்தேன். ஏழு அட்டைகள். அவை அகராதிக்கு வந்தவை அல்ல, கழித்துக்கட்டிய பழைய அட்டைகள். அவற்றின் பின்பக்கத்தில் உலகு எனக்குக் கடிதம் எழுதியிருந்தாள். கல்யாணமாகி எனக்கு அவள் எழுதிய முதல் கடிதம். வேறு எங்கே வைத்தாலும் நான் பார்க்கமாட்டேன் என்று தெரிந்து, நான் தவறாமல் பார்க்கிற இடத்தில் வைத்திருக்கிறாள்.

தெரியாமல் திருத்திவிட்டேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். மூன்றாவது அட்டையிலேயே தெரிந்துவிட்டது. கை நிற்கவில்லை. பேச்சு வழக்கையெல்லாம் அடித்தேன், ஒற்று போட்டேன், பத்தி பிரித்தேன். ஏழாவது அட்டையின் மூலையில் ‘பார்த்தது, நா.லி.’ என்று போட்டேன். வலதுபக்கத் தட்டில் வைத்துவிட்டு அலுவலகத்துக்குக் கிளம்பினேன். சாயங்காலம் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் அவளும் இல்லை, அட்டைகளும் இல்லை. அடுப்பு மேல் ரசம் மட்டும் இருந்தது.

பதினோரு பிழைகள். பதினொன்றும் எனக்கு வரிசையாக நினைவிருக்கின்றன. ஆனால் கடிதத்தில் அவள் என்ன சொல்லியிருந்தாள் என்று யோசித்தால் துண்டு துண்டாகத்தான் வருகிறது. ஒரு கேள்வி இருந்தது. ஆறாவது அட்டையில், தனியாக, ஒரே வரி. அதை முழுக்க அடித்து எழுத்துத் தமிழில் மாற்றி எழுதினேன். மாற்றி எழுதினேனே தவிர, பதில் சொல்லவில்லை.

எனக்கு அவள் வேண்டும். இதை நீல மையில் எழுதுகிறேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

அவளுக்குக் கடிதம் எழுதினேன். நான்கு பக்கம். மூன்று முறை படி எடுத்தேன். ஒரு பிழை கிடையாது. பதிவுத் தபால்.

டிசம்பர் 6, வெள்ளி

தபால் இல்லை. ஒன்பது, பத்து, பதினொன்றாம் அட்டைகள் முடிந்தன. வண்டி வேகம் பிடித்தல், வானொலி அலையைப் பெறுதல், போலீஸ் பிடித்துப்போதல். இந்தச் சொல்லால் முடியாத காரியமே இல்லை போலிருக்கிறது.

டிசம்பர் 9, திங்கள்

தபால்காரர் வந்தார். கீழ்வீட்டுக்கு.

டிசம்பர் 12, வியாழன்

வந்தது. உறையில் அவள் கையெழுத்து. பிரித்தால் உள்ளே என் கடிதமே இருந்தது. நான்கு பக்கமும் திருத்தி அனுப்பியிருக்கிறாள், சிவப்பு மையில்.

முதல் பக்கத்தில் ‘வாழ்க்கைத் துணையாகிய உன்னுடைய பிரிவு என்னைப் பெருந்துயரில் ஆழ்த்தியுள்ளது’ என்று தொடங்கியிருந்தேன். முழுவதையும் அடித்து ஓரத்தில் எழுதியிருந்தாள்: ‘இது ஆரு பேசுதது?’

இரண்டாம் பக்கம், அகராதி எந்த அளவில் இருக்கிறது என்ற விவரம். குறுக்கே ஒரு கோடு. ‘கேக்கல.’

மூன்றாம் பக்கம், ‘என்னால் ஏதேனும் தவறு நிகழ்ந்திருப்பின் பொறுத்தருள்க.’ அதில் ‘ஏதேனும்’ என்பதற்கு ஒரு வட்டம். பக்கத்தில்: ‘எது?’

இருபத்தாறு வருடத்தில் இவ்வளவு சரியாகத் திருத்திய ஒருவரை நான் பார்த்ததில்லை. எனக்குக் கோபம் வந்தது. பிறகு வெட்கம். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன்.

நான்காம் பக்கத்தின் கடைசியில் மட்டும் இரண்டு வரி அடிபடாமல் இருந்தது. இடம் மிஞ்சியிருந்ததால் யோசிக்காமல் எழுதிய வரிகள்: ‘கறிவேப்பிலை மஞ்சளாகிறது, நீ எவ்வளவு தண்ணீர் விடுவாய் என்று எனக்குத் தெரியவில்லை. ரசம் வைத்தால் இன்னும் இரண்டு பேருக்கு வைத்துவிடுகிறேன்.’ அதற்கு நேரே ஒரு சரி போட்டிருந்தாள். மூலையில்: ‘பார்த்தது, உ.’

டிசம்பர் 13, வெள்ளி

ஹெலன் மேடத்திடம் சொன்னேன். ‘ஏ’ முதல் ‘ஓ’ வரை உதாரணங்களைச் சொன்னது என் மனைவி என்று. சொல்லும்போது மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “அந்தத் துடைப்பம்?”

“அவதான்.”

“மழை நின்னது?”

“அவதான் மேடம்.”

“அவங்க பேர் என்ன?”

“உலகம்மாள்.”

ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டார். “அடுத்த தொகுதி முன்னுரை என்கிட்டதான் இருக்கு. இவ்வளவு நாளும் ஏன் சார் சொல்லல?” என்றார். நாளைக்கு லீவு கேட்டேன்.

“‘பி’ எழுத்து?”

“ஒரு அட்டை பாக்கி. பதினாலாவது.”

“அதையும் எடுத்துக்கிட்டுப் போங்க.”

சிவப்புப் பேனாவை அவருடைய பேனா டப்பாவில் போட்டேன். மை தீர்ந்துவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன்.

டிசம்பர் 14, சனி

செங்கோட்டை பாசஞ்சரில் தென்காசி. ராஜபாளையம் தாண்டியதும் மலை கூடவே வந்தது. இத்தனை வருடம் இந்த வண்டியில் போயிருக்கிறேன். இந்த மலையை இன்றுதான் பார்க்கிறேன், மடியில் எப்போதும் அட்டைகள் இருக்கும்.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும்தான் உறைத்தது, எனக்கு வீட்டுக்கு வழி தெரியாது. எப்போதும் உலகு முன்னால் போவாள், நான் படித்துக்கொண்டே பின்னால் போவேன். கோயில் கோபுரம் தெரியும், பிறகு இரண்டு திருப்பம், ஒரு அடிபம்பு. அவ்வளவுதான் என் ஞானம். போன் செய்து கேட்கலாம். கேட்க மனம் வரவில்லை. மூன்று தெரு சுற்றினேன். அடிபம்பையே காணோம். கடைசியில் ஒரு பூக்கார அம்மாவிடம் போய் நின்றேன்.

“உலகம்மாள்னு... அவங்க வீடு எதுன்னு தெரியுமா?”

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இந்த ஊரு அம்மன் பேரே அதானய்யா. இந்தத் தெருவுல மட்டும் நாலு உலகம்மா இருக்கா. ஒங்களுக்கு எந்த உலகம்மா?”

எந்த உலகம்மாள்? சொல்லத் தெரியாமல் நின்றேன். உயரமா, குட்டையா? நடுத்தரம். நிறம்? மாநிறம். நாற்பதாயிரம் சொற்களுக்கு அர்த்தம் எழுதியவன். “எதச் சொன்னாலும் அதுக்கு ஒரு கத சொல்லுவாங்க. சிரிக்காம சொல்லுவாங்க, நமக்குத்தான் சிரிப்பு வரும்” என்றேன்.

“இங்கிலீஷ் டியூசன் எடுக்காவளே, அந்த உலகம்மாவா! மொதல்லயே சொல்ல வேண்டாமா? பச்சைக் கேட்டு.”

பச்சை கேட் திறந்திருந்தது. வாசலில் பதினைந்து ஜோடிச் செருப்புகள். உள்ளே கூடத்தில் பத்தாம் வகுப்புப் பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். கழித்துக்கட்டிய என் அட்டைகள் அவர்கள் கையில். உலகு நடுவில் நின்றாள். என்னைப் பார்த்தாள்.

“இன்னிக்கு இம்புட்டுத்தான், நாளைக்கு வாங்க” என்று பெண்களை அனுப்பினாள். மாமியார் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, கோயிலுக்குப் போகிறேன் என்று இன்னொரு தடவை கிளம்பினார்.

“வழி தெரிஞ்சுதா?” என்றாள் உலகு.

“தெரியல. விசாரிச்சுத்தான் வந்தேன்.”

அவள் பெட்டியைத் திறந்து ஏழு அட்டைகளையும் எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். “வாசிங்க. சத்தமா. என் எழுத்த மட்டும்.”

வாசித்தேன். சிவப்புக் கோடுகளுக்குக் கீழே தேடித் தேடி அவள் சொற்களை எடுக்க வேண்டியிருந்தது. கல்யாணமான புதிதில் நான் அவளுக்குப் பூ வாங்கிவந்த ஒரே நாளைப் பற்றி எழுதியிருந்தாள். மழையில் ஸ்டேஷனில் நின்றதைப் பற்றி. முன்னுரையை இரண்டு தடவை படித்ததைப் பற்றி. தட்டில் வைக்கிற அட்டையை மட்டுமாவது பார்ப்பீர்களே என்று. ‘தேடுமா’ என்பதை ‘ஏங்குவீர்களா’ என்று நான் மாற்றியிருந்த ஆறாவது அட்டை வந்தது.

‘அம்மைக்குச் சரியானாலும் நான் வராம இருந்துட்டா ஒங்களுக்கு என்னத் தேடுமா?’

“அதுக்குப் பதிலு வரவே இல்லியே” என்றாள்.

“தேடுச்சு உலகு. ரொம்பத் தேடுச்சு. முதல் நாளே தேடுச்சு. கை திருத்திக்கிட்டு இருந்தப்பவே அது கடிதம்னு தெரியும் எனக்கு, இருந்தும் பதில் சொல்லாம திருத்தினேன். அதான் நான் செஞ்ச தப்பு. ‘ஏதேனும்’ இல்ல, அதுதான்.”

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் துடைத்துக்கொண்டேன், வேட்டி நுனியால். இன்னும் அது இளஞ்சிவப்பாகத்தான் இருக்கிறது. அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஹெலன் மேடத்திடம் எல்லாம் சொல்லிவிட்டேன் என்றேன். “இப்பமாவது சொன்னியளே” என்றாள். ஆனால் உடனே கிளம்பி வரமாட்டாள். மார்ச்சில் இந்தப் பெண்களுக்குப் பரீட்சை. விட்டுவிட்டு வந்தால் பாவம். அதுவரை வாராவாரம் நான்தான் வரவேண்டும்.

“அட்டை எதும் மிச்சம் இருக்கா?” என்று அவளே கேட்டாள்.

“ஒண்ணு. விட்ட இடத்துலேருந்து மறுபடி தொடர்றது.”

காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். உள்ளேயிருந்து சொன்னாள்: “எழுதிக்கிடுங்க. ‘விட்ட எடத்துலேந்து தொடங்குவோம், ஆனா விட்ட மாரி இல்ல.’”

நீலப் பேனாவால் அப்படியே எழுதினேன். ஒற்றுகூடச் சேர்க்கவில்லை. திருத்துவதானால் ஹெலன் மேடம் திருத்தட்டும். திருத்தமாட்டார்.

இதைத் திரும்பும் வண்டியில் எழுதுகிறேன். கறிவேப்பிலைக்கு மூன்று நாளைக்கு ஒரு செம்பு போதுமாம். நான் வேரை அழுகவைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். இன்னும் பிழைக்கும் என்கிறாள்.